தனியார் ஆஸ்பத்திரி நர்ஸ்கள் சங்கம் வைத்தால் என்ன மாறும்?

கேள்வி: கோவையில் 150 படுக்கை உள்ள தனியார் ஆஸ்பத்திரியில் நாலு வருஷமாக ஸ்டாஃப் நர்ஸ். கைக்கு வருவது 14,500 ரூபாய். நைட்டில் 14 பேஷண்டுக்கு நான் ஒருத்தி, கூட ஒரு டிரெய்னி. ஒரிஜினல் சர்ட்டிபிகேட்டுகள் எச்.ஆரிடம் மாட்டிக்கொண்டிருக்கின்றன. சங்கம் ஆரம்பிக்கலாம் என்று சிலர் பேசுகிறார்கள். அதனால் ஏதாவது நடக்குமா, இல்லை வேலை போவதுதான் மிச்சமா?

பதில்:

நடக்கும், சிஸ்டர். ஆனால் முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள்: உங்களுக்குச் சாதகமாக ஏற்கனவே நிறைய காகிதங்கள் இருக்கின்றன, அவற்றை நிர்வாகத்தின் மேஜைவரை தள்ளிக்கொண்டு போக ஆள்தான் இல்லை.

உதாரணத்துக்கு, தனியார் ஆஸ்பத்திரி நர்ஸ்களின் நிலை பற்றிய வழக்கில் 2016 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னதை வைத்து மத்திய அரசு ஒரு குழு போட்டது. 200 படுக்கைக்கு மேல் இருந்தால் மாநில அரசு நர்ஸுக்கு நிகரான சம்பளம், 100 முதல் 200 வரை என்றால் அதில் 10 சதவீதத்துக்கு மேல் குறையக் கூடாது, 50 முதல் 100 என்றால் 25 சதவீதத்துக்கு மேல் குறையக் கூடாது, 50-க்குக் கீழே உள்ள சின்ன ஆஸ்பத்திரியிலும் குறைந்தது 20,000 ரூபாய். இதுதான் அந்தக் குழுவின் பரிந்துரை. உங்கள் ஆஸ்பத்திரி இரண்டாவது ரகம். இப்போது உங்கள் 14,500-ஐப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பரிந்துரை என்பது சட்டம் இல்லை என்று நிர்வாகம் சொல்லும், அது உண்மையும்கூட.

அதே பரிந்துரை பாலக்காட்டுக்கு அந்தப் பக்கம், கேரளாவுக்குப் போனதும் வேறு கதை ஆனது. 2011-ல் அங்கே ஐக்கிய நர்ஸ்கள் சங்கம் (யு.என்.ஏ.) உருவாகி, ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகப் போராட்டம் நடத்தியிருந்தது. 2017 ஜூலையில் முதலமைச்சர் பினராயி விஜயன் கூட்டிய பேச்சுவார்த்தையில் 20,000 ரூபாய் குறைந்தபட்சச் சம்பளம் ஒத்துக்கொள்ளப்பட்டது. அப்புறமும் அரசாணை வராமல் இழுத்தது. 2018 ஏப்ரல் 24 அன்று சேர்த்தலையிலிருந்து திருவனந்தபுரத்துக்கு நடைப்பயணம் கிளம்புகிறோம் என்று நர்ஸ்கள் அறிவித்தார்கள். அதற்கு முந்தின நாள் ஆணை வந்தது. தேதியைக் கவனித்தீர்களா?

நம் ஊரில் ஒன்றுமே நடக்கவில்லை என்றும் சொல்ல முடியாது. அரசு ஆஸ்பத்திரிகளில் எம்.ஆர்.பி. (மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம்) மூலம் 2015-ல் தேர்வு எழுதி வந்த ஒப்பந்த நர்ஸ்களுக்கு மாதம் 7,700 ரூபாய்தான் கொடுத்தார்கள். 2017 நவம்பரில் அவர்கள் சென்னையில் டி.எம்.எஸ். எனும் மருத்துவப் பணிகள் இயக்குநரக வளாகத்தில் போராட்டமாக வந்து உட்கார்ந்தார்கள், தொகை பின்னால் படிப்படியாக 14,000, 18,000 என்று ஏறியது. பணி நிரந்தரம் மட்டும் தீராத சண்டையாகவே இழுத்துக்கொண்டு போனது. தனியார் பக்கம் இந்த அளவுக்குக்கூட யாரும் ஒன்று சேரவில்லை, எல்லோர் கண்ணும் கல்ஃப், ஜெர்மனி விசா மேலேயே இருப்பதும் ஒரு காரணம் என்பது என் அபிப்பிராயம்.

சரி, எங்கே ஆரம்பிப்பது? சம்பளத்திலிருந்து வேண்டாம், ட்யூட்டி ரோஸ்டரிலிருந்து ஆரம்பியுங்கள் என்பேன். சம்பளத்தில் சீனியர், ஜூனியர், ஜி.என்.எம். டிப்ளமோ, பி.எஸ்சி. டிகிரி என்று ஆளுக்கொரு கணக்கு இருக்கும், நிர்வாகம் அதை வைத்தே உங்களைப் பிரித்துவிடும். நைட்டில் ஒருத்தி 14 பேரைப் பார்ப்பது எல்லோருக்கும் பொதுவான வலி. போதாததற்கு அது பேஷண்டின் உயிர் சம்பந்தப்பட்டது. அமெரிக்காவில் 2002-ல் ஆய்வாளர் லிண்டா எய்க்கனும் குழுவினரும் வெளியிட்ட ஆய்வில், நர்ஸ் ஒருவருக்கு ஒரு பேஷண்ட் கூடினால், ஆபரேஷன் ஆனவர்கள் 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் கூடுகிறது என்று வந்தது. கலிஃபோர்னியாவில் நர்ஸ்கள் சங்கம் விடாமல் துரத்தியதால்தான் 1999-ல் இதற்குச் சட்டமே வந்தது. 2004 முதல் ஐ.சி.யூ.வில் இரண்டு பேஷண்டுக்கு ஒரு நர்ஸ், சாதாரண வார்டில் ஆறுக்கு ஒருவர், 2005-க்கு மேல் ஐந்துக்கு ஒருவர். நைட்டானாலும் இதே கணக்குதான். நடுவில் ஆளுநர் தள்ளிப்போடப் பார்த்தபோது சங்கம் கோர்ட்டுக்குப் போய் ஜெயித்தது.

அதனால் இன்று ராத்திரியே ஒரு நோட்டு போடுங்கள். "நைட். பெட் 14. ஸ்டாஃப் 1, டிரெய்னி 1. ஹேண்டிங் ஓவர் முடிந்தது காலை 8.50. ட்யூட்டி முடிய வேண்டியது 8.00." இவ்வளவு போதும். பேஷண்ட் பெயர், ஐ.பி. நம்பர் எழுத வேண்டாம், கேஸ் ஷீட்டை போட்டோ எடுக்கவே வேண்டாம், அதைச் சாக்காக வைத்தே மெமோ கொடுத்துவிடுவார்கள். ஒவ்வொரு வார்டிலும் இரண்டு பேர் மூன்று மாதம் இப்படி எழுதினால், "எப்போதாவது ஒருநாள் ஆள் குறைந்திருக்கும்" என்று சூப்பரின்டெண்டென்ட் சொல்ல முடியாது. வாட்ஸ்அப் குரூப்பில் இதைப் பேசாதீர்கள், ஸ்கிரீன்ஷாட் எச்.ஆருக்குப் போக ஐந்து நிமிஷம் ஆகாது.

பதிவு செய்வது பெரிய வேலை இல்லை. குறைந்தது ஏழு பேர் விண்ணப்பிக்க வேண்டும், மொத்தத் தொழிலாளர்களில் 10 சதவீதம் அல்லது 100 பேர், இதில் எது குறைவோ அத்தனை பேர் உறுப்பினராக இருக்க வேண்டும். ஆனாலும் தனியாகத் தொடங்குவதைவிட ஏற்கனவே பதிவான ஒரு சங்கத்தில் கிளையாகச் சேர்வது நல்லது, லேபர் ஆபீஸ் நடைமுறை தெரிந்த ஆள் அங்கே இருப்பார். சேரும் முன் போன வருஷத்துத் தணிக்கைக் கணக்கைக் கேட்டுப் பாருங்கள். காட்டத் தயங்கினால் அந்தச் சங்கம் வேண்டாம்.

வேலை போகுமா என்ற பயம் நியாயமானது. சங்கத்தில் சேர்ந்ததற்காக நீக்குவது சட்டப்படி தவறு, ஆனால் நீக்குகிறவர் அந்தக் காரணத்தையா எழுதுவார்? "பணியில் அலட்சியம்" என்று எழுதுவார். உங்களுக்கு உண்மையான கவசம் வேறு இடத்தில் இருக்கிறது. கோரிக்கை தொழிலாளர் உதவி ஆணையர் முன் சமரசத்துக்குப் போய்விட்டால், அது முடியும்வரை அந்தப் பிரச்சினையில் சம்பந்தப்பட்டவர்களின் பணி நிபந்தனைகளை நிர்வாகம் இஷ்டத்துக்கு மாற்றவோ அதன் தொடர்பாக நீக்கவோ முடியாது, முன் அனுமதி வேண்டும். ஆகவே சத்தமில்லாமல் ஆள் சேர்த்து, கோரிக்கையை எழுத்தில் கொடுத்து, சீக்கிரம் சமரச மேஜைக்குப் போவதுதான் புத்திசாலித்தனம். ஒரு எச்சரிக்கை: 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழில் உறவுச் சட்டத் தொகுப்பு, தர்ம நோக்கில் இயங்கும் அமைப்புகளின் நிறுவனங்களைத் 'தொழில்' என்ற வரையறையிலிருந்து விலக்குகிறது. உங்கள் ஆஸ்பத்திரி டிரஸ்ட் பெயரில் இருந்தால் இந்தக் கவசம் பொருந்தாமல் போகலாம், முதலில் ஒரு தொழிலாளர் சட்ட வக்கீலைப் பாருங்கள்.

ஸ்டிரைக்கைக் கடைசிக்கு வையுங்கள். 14 நாள் முன்னறிவிப்பு கட்டாயம், சமரசம் நடக்கும்போது கூடாது, பாதிப் பேரோ அதற்கு மேலோ சேர்ந்து ஒரே நாளில் கேஷுவல் லீவ் போட்டாலும் ஸ்டிரைக் கணக்குதான். ஐ.சி.யூ., கேஷுவால்டியை என்றைக்கும் காலி செய்யாதீர்கள், ஒரு உயிர் போனால் ஊர் உங்கள் பக்கம் நிற்காது.

சர்ட்டிபிகேட் விஷயத்துக்குச் சங்கம் வரும்வரை காத்திருக்கவே வேண்டாம். கல்விச் சான்றிதழ் விற்பனைப் பொருள் அல்ல, அதைப் பிடித்துவைத்துக்கொள்ள முடியாது என்று சென்னை உயர் நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. திருப்பித் தரச் சொல்லி ஒரே மாதிரி கடிதத்தைப் பத்துப் பேர் ஒரே நாளில் ஸ்பீடு போஸ்டில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். யார் யார் கையெழுத்துப் போடத் துணிகிறார்கள் என்பதும் அப்போதே தெரிந்துவிடும்.