பாசிமணி வேஷம்

அன்புள்ள ஐயா,

சினிமாவில் நரிக்குறவர் வேஷம் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். கொஞ்சம் அதிகப்படி என்று பட்டது. நம் படங்கள் யாரை விட்டுவைத்தன? ஐயர், சேட்டு, டீக்கடை நாயர் என்று எல்லோரையும்தான் கிண்டல் செய்கின்றன. எம்.ஜி.ஆரே நரிக்குறவராக ஆடியிருக்கிறார். அந்த மக்கள் அவரைக் கொண்டாடவில்லையா? இப்போது 'ஜெய் பீம்' போன்ற படங்களும் வந்துவிட்டன. இன்னும் பழசைக் கிளற வேண்டுமா?

க., தஞ்சாவூர்

அன்புள்ள க.,

எம்.ஜி.ஆரிடமிருந்தே ஆரம்பிக்கிறேன். 1968-இல் வந்த 'ஒளிவிளக்கு' படத்தில் அவரும் ஜெயலலிதாவும் நரிக்குறவர் வேஷத்தில் ஆடும் பாட்டு டி.வி.யில் வந்தால் நானும் சேனலை மாற்றமாட்டேன். குஷியான பாட்டு. என் புகார் கிண்டலைப் பற்றியதே அல்ல, வேஷத்தைப் பற்றியது.

நம் படங்களில் நரிக்குறவர் என்பவர் பெரும்பாலும் ஒரு ஆளே இல்லை, ஒரு மாறுவேடம். போலீஸை ஏமாற்றவும் வில்லனின் இடத்துக்குள் நுழையவும் கதாநாயகன் பாசிமணியை மாட்டிக்கொள்வான். 'சாமியோவ்' என்று இரண்டு தடவை இழுத்தால் வேலை முடிந்தது. ஏன் குறிப்பாக இந்த வேஷம்? அதைப் போட்டவனை யாரும் ஏறிட்டுப் பார்க்கமாட்டார்கள். கதை எழுதியவருக்கு இது தெரியும், டிக்கெட் வாங்கிய நமக்கும் தெரியும். தெரியாவிட்டால் அந்தக் காட்சியே எடுபடாது.

அந்த இழுவைத் தமிழ் நம்மிடம் வியாபாரத்துக்குப் பேசுவது. வீட்டில் அவர்கள் பேசுவது வாக்ரிபோலி. குஜராத்திக்கு உறவான மொழி, தனி எழுத்து கிடையாது. எருமை பலி கொடுப்பவர்கள், ஆடு பலி கொடுப்பவர்கள் என்று அவர்களுக்குள் இரண்டு பெரும் பிரிவு. குலதெய்வம் குடியிருப்பது கோயிலில் அல்ல, ஒரு துணி மூட்டைக்குள். சாமி மூட்டை என்பார்கள். தகப்பன் வழியில் வருவது, பூசைக்குத்தான் பிரிப்பார்கள். ஒரு கதாசிரியருக்கு இதைவிட என்ன வேண்டும்? அண்ணன் தம்பி பகைக்கு நிலம், வீடு எதுவும் வேண்டாம், மூட்டை யார் குடிசையில் இருப்பது என்பதே மூன்று மணி நேரப் படத்துக்குத் தாங்கும்.

வேட்டை சமாச்சாரமும் இப்படித்தான். 1972-இல் வந்த வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அந்தத் தொழிலை முடக்கியது. பிழைப்பு ஊசி, பாசி, பலூன், ஐயப்ப சீசன் மாலை என்று எப்போதோ மாறிவிட்டது. பஸ் ஸ்டாண்ட் தரையில் உட்கார்ந்து, குறடால் கம்பியைத் திருகி, மணியைக் கோத்து, கொக்கி வைத்து, அதே கையால் மடியிலிருக்கும் பிள்ளையையும் தட்டிக்கொடுக்கும் பெண்ணை நீங்களும் பார்த்திருப்பீர்கள். சினிமாவில் மட்டும் தோளில் நாட்டுத் துப்பாக்கி, கூடவே ஒரு பூனைக்கறி ஜோக்.

எல்லோரையும் சமமாகத்தானே கிண்டல் செய்கிறார்கள் என்கிறீர்கள். சமையல்கார ஐயரைப் பார்த்துச் சிரித்த அதே வாரம் ஜட்ஜ் ஐயரையும் டாக்டர் ஐயரையும் வேறு படங்களில் பார்க்கிறோம். சேட்டு மேல் சிரிப்பு வருவதே நாம் அவரிடம் வட்டி கட்டுகிறோம் என்பதால்தான். நரிக்குறவருக்கு அந்த இன்னொரு படம் எங்கே? பழங்குடிப் பட்டியலில் சேர்க்கச் சொல்லிப் பல வருஷம் கேட்டு, 2023-இல்தான் அது சட்டமானது. 'ஒளிவிளக்கு' பாட்டு ஹிட்டாகி அப்போது 55 வருஷம்.

அதே 2023, மார்ச் 30. கோயம்பேடு ரோகிணி தியேட்டரில் 'பத்து தல' முதல் நாள். கையில் டிக்கெட்டோடு வந்த ஒரு நரிக்குறவர் குடும்பத்தை ஊழியர்கள் உள்ளே விட மறுத்தார்கள். கூட இருந்தவர்கள் தட்டிக்கேட்டார்கள், வீடியோ பரவியது, பிறகு விட்டார்கள். படம் யு/ஏ, 12 வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் இருந்தார்கள் என்று நிர்வாகம் விளக்கம் கொடுத்தது. யு/ஏ படத்தைப் பெரியவர்கள் துணையோடு பிள்ளைகள் பார்க்கலாம். பெரியவர்கள் பக்கத்திலேயே நின்றார்கள். அந்த ஊழியர்களைச் சினிமாதான் கெடுத்தது என்று நான் சொல்லவில்லை. ஆனால் அவர்களும் ஆளைப் பார்க்கவில்லை, உடுப்பைத்தான் பார்த்தார்கள். ஹீரோ போட்டால் கைதட்டு வாங்கும் உடுப்பு.

'ஜெய் பீம்' நான் மதிக்கும் படம். நீங்களே அதை எடுத்துக்கொடுத்ததால் சொல்கிறேன். அதன் கதை ஒரு நிஜ வழக்கிலிருந்து எடுத்தது. 1993-இல் கம்மாபுரம் போலீஸ் அடித்துக் கொன்ற ராஜாக்கண்ணு குறவர் சமூகத்தவர். குறவர் வேறு, நரிக்குறவர் வேறு; இருவரையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதும் சினிமாவின் பழைய பழக்கம்தான். 2021-இல் வந்த படம் அவரை இருளர் என்ற வேறொரு பழங்குடியைச் சேர்ந்தவராக்கியது. இருளர்மீதும் பொய் வழக்குகள் ஏராளம், இயக்குநருக்கு அவர் நியாயம் இருந்திருக்கும். ஆனால் குறவர்கள் தரப்பில் வருத்தம் எழுந்தது, எழாமல் எப்படி இருக்கும்? செத்தவரின் பெயர் படத்தில் அப்படியே இருக்கிறது. வழக்கை நடத்திய வக்கீல் சந்துருவின் பெயரும் அப்படியே இருக்கிறது. சமூகத்தை மட்டும் மாற்றலாம் என்று தோன்றியிருக்கிறது. வக்கீல் விஷயத்தில் அப்படி எதையும் மாற்ற யாருக்கும் தோன்றவில்லை.