சென்சர் கதைக்கல்ல எண்டா எங்க இருந்து தேடுறது?
வாசகர் கேள்வி பதில்

மாரி தொடங்கினாப் பிறகு வந்த கடிதங்கள்ல கனக்க ஒரே விசயம்தான், வயல்ல வெச்ச சென்சர், குளத்தில வெச்ச மீட்டர், கடையில போட்ட புகை சென்சர், எல்லாம் வயர் இல்லாம கொம்பியூட்டருக்கு தகவல் அனுப்ப வேண்டியது, அனுப்பல்ல. அதால இந்த முறை முழுப் பக்கத்தையும் இதுக்கே எடுக்கிறன்.

கேள்வி: அண்ணன், வெல்லாவெளிப் பக்கம் எங்கட வயல். யானை வாறத பிடிக்க வேலி ஓரமா ஆறு இடத்தில இன்ஃப்ராரெட் சென்சர் கட்டி, 433 மெகாஹேர்ட்ஸ் லோரா (கொஞ்சக் கரண்டில தூரத்துக்குத் தகவல் அனுப்புற ரேடியோ) மொடியூலால வாடிக்குள்ள இரிக்கிற லெப்டொப்புக்கு எடுக்கிறம். ஆகத் தூரத்தில இரிக்கிறது அரைக் கிலோமீட்டர் வரும். விதைச்ச நேரம் நல்லா வேலை செஞ்சிச்சு. இப்ப பயிர் முழங்காலுக்கு மேல வந்திட்டு, மழையும் விடுதில்ல, தூரத்தில இரிக்கிற மூண்டும் விட்டு விட்டுத்தான் வருது, சில ராவைக்கு ஒண்டுமே இல்ல. பூஸ்டர் ஒண்டு வாங்கிப் போட்டா சரிவருமா?
– விவசாயி ஒருவர், வெல்லாவெளி

பதில்: பூஸ்டர இப்ப விடுங்க தம்பி. அத விட எனக்குப் பயமா இரிக்கிறது வேற ஒண்டு. உங்கட சென்சர் யானையக் கண்டா மட்டும்தான் அனுப்புது எண்டு உங்கட கடிதத்தில இருந்து விளங்குது, அப்ப ராவைக்கு லெப்டொப்பில ஒண்டும் வரல்ல எண்டா யானை வரல்லயா, இல்லாட்டி சென்சர் செத்துப் போச்சா எண்டு பரணில படுத்திருக்கிற ஆளுக்கு எப்பிடித் தெரியும்? ஸ்கிரீனைப் பாத்திட்டு யானை இல்ல எண்டு நம்பி இருட்டில வரம்பால நடந்து போற ஆளின்ட உசிர் அதில கிடக்கு. அதால முதல் வேலை, ஒவ்வொரு சென்சரும் அஞ்சு பத்து நிமிசத்துக்கு ஒருக்கா "நான் இரிக்கன்" எண்டு ஒரு சின்னத் தகவல் அனுப்பட்டும், அதுக்குள்ள தன்ட நம்பர், ஒண்டு ஒண்டாக் கூடுற வரிசை எண், பெட்டரி வோல்டேஜ் மூண்டும் இரிக்கட்டும். மூண்டு தரம் தொடர்ந்து வராம விட்டா லெப்டொப்பு யானை வந்தா அடிக்கிற மாதிரியே சைரன் அடிக்கோணும், ஸ்கிரீன்ல ஒரு மூலையில சிவப்பு எழுத்துப் போட்டா காணாது.

இத செஞ்சீங்க எண்டா பிழையத் தேடுறதும் லேசு, ஏனெண்டா வாற ஒவ்வொரு தகவலோடயும் சிக்னல் பலத்தையும் இரைச்சல் அளவையும் மொடியூலே சொல்லும், அத நேரத்தோட சேத்து ஒரு ஃபைல்ல எழுத விடுங்க. மூண்டு நாள் ஓடினாப் பிறகு அந்த ஃபைல்லயே பாதி விடை இரிக்கும். சாமத்துக்குப் பிறகு நிண்டு போய் காலையில வெயில் ஏறினாப் பிறகு தன்னால வருது எண்டா அது சிக்னல் பிரச்சினை இல்ல, பெட்டரி. மாரியில நாள்க்கணக்கா மப்பு, சோலார் தட்டு நிறையச் சார்ஜ் ஏத்தாது. சும்மா மீட்டர் வெச்சுப் பாத்தா 3.7 வோல்ட் காட்டும், ஆனா அனுப்புற அந்த நொடியில வோல்டேஜ் சடாரெண்டு விழுந்து மொடியூல் றீசெட் ஆகும், அதால அனுப்பிற நேரத்திலதான் அளக்கோணும். இந்த 433 லோரா மொடியூல்ல கனக்க இரிக்கிற எஸ்எக்ஸ்-1278 சிப் முழுப் பவர்ல, அதாவது 20 டிபிஎம்மில (டிபிஎம் எண்டா அனுப்புற பவர அளக்கிற அலகு), 120 மில்லி அம்பியர் கிட்ட இழுக்கும், 13 டிபிஎம்முக்கு இறக்கினா அத விட நல்லாக் குறையும். வாடிக்குக் கிட்ட இரிக்கிற மூண்டுக்கும் பவரக் குறைச்சு விடலாம், தகவல் வராம நிக்காது, பெட்டரியும் கூட நேரம் தாங்கும்.

பெட்டரி நல்லா இரிக்கி, ஆனா மழை நேரமும் பனி விழுந்த விடியப்புறமும் சிக்னல் பலம் இறங்கி இறங்கி மறுகா அறுகுது எண்டா அது வழியில இரிக்கிற பிரச்சினை. ரேடியோ அலை நேர் கோட்டில நூல் புடிச்ச மாதிரிப் போறதில்ல, ரெண்டு அன்டெனாவுக்கும் நடுவில அதுக்கு ஒரு பருத்த இடம் வேணும். 433 மெகாஹேர்ட்ஸில அரைக் கிலோமீட்டருக்கு நடுப் பகுதியில அதின்ட ஆரை 9 மீட்டருக்குக் கிட்ட, அதில அறுபது வீதமாவது, அதாவது ஒரு அஞ்சரை மீட்டர், மறைப்பில்லாம இரிக்கோணும். வேலிக்கட்டையில ஒரு மீட்டர் உயரத்தில கட்டினா விதைச்ச நேரமே நிலம் பாதிய மறைச்சிருக்கும், எப்பிடியோ தாங்கிக்கொண்டு ஓடியிரிக்கி. இப்ப அன்டெனாவுக்குக் கிட்ட பயிர் வந்து, இலையெல்லாம் தண்ணி பிடிச்சு நிக்கிது, ஈர இலை அலையக் குடிக்கும், அதுதான் கடைசி அடி.

அதால காசு செலவழிக்கிறது எண்டா உயரத்துக்குச் செலவழிங்க. ஆறு சென்சர் பக்கமும் பெரிய உயரத்துக்கு ஏத்தத் தேவையில்ல, வாடியில இரிக்கிற அன்டெனாவ ஆறு ஏழு மீட்டருக்கு ஏத்துங்க, சென்சர் பக்கத்து அன்டெனாவ ரெண்டரை மூண்டு மீட்டருக்கு ஏத்தினாலே பெரிய வித்தியாசம் தெரியும். அன்டெனா தகரக் கூரைக்குக் கீழ இரிக்கக் கூடாது, எல்லாம் நேரா நிக்கோணும், ஒண்டு படுத்திருந்து மத்தது நிண்டா சிக்னல் கனக்க குறையும். வயர் அன்டெனா எண்டா நீளம் 17.3 சென்ரிமீட்டர், அலை நீளத்தில நாலில ஒண்டு. மெல்லிய அன்டெனா கேபிள நீளமா கீழ இழுக்காதீங்க, உயர்த்தினதின்ட நன்மைய அது தின்னும், மொடியூலையே பெட்டியோட மேல வெச்சு டேட்டா வயர மட்டும் கீழ கொண்டு வாங்க. இன்னொண்டு, வெட்டையில உயரமா நிக்கிற கம்பம் இடி விழுற இடம். ஐப்பசி கார்த்திகையில பின்னேரம் பின்னேரம் இடி முழங்குற நம்மட பக்கத்தில கம்பத்துக்கு நல்ல எர்த் அடிங்க, முழக்கம் கேட்டா கம்பத்தில ஏறவும் வேண்டாம், அதுக்குக் கிட்ட நிக்கவும் வேண்டாம்.

இதெல்லாம் செஞ்சும் காணாட்டித்தான் செட்டிங். ஸ்பிரெடிங் ஃபக்டர் எண்டு 7 இருந்து 12 வரைக்கும் ஒரு நம்பர் இரிக்கும், ஒண்டு கூட்டினா ரெண்டரை டெசிபல் அளவு கூடக் கேக்கும், ஆனா அனுப்ப எடுக்கிற நேரமும் ரெட்டிப்பாகும். 12ல வெச்சா சின்னத் தகவலுக்கே ஒரு செக்கன் அளவு போகும், ஆறு சென்சரும் ஒரே நேரம் எழும்பினா ஒண்டுல ஒண்டு மோதி எல்லாம் நாசம். அதால அனுப்புற இடைவெளியில சில செக்கன் முன்னப் பின்ன ஆகிற மாதிரி புரோகிராம்ல விடுங்க. நம்பர மாத்தினா எல்லா இடத்திலயும் மாத்தோணும், ஒண்டுல மறந்தா அது ஊமைதான்.

பூஸ்டர் ஏன் வேண்டாம் எண்டா, வெட்டவெளியிலயே தூரத்த ரெண்டு மடங்காக்க பவர் நாலு மடங்கு வேணும், அந்த நாலு மடங்கையும் குடுக்கப் போறது மாரியில ஏற்கனவே தள்ளாடுற அதே பெட்டரி. மற்றது சட்டம். 1991ஆம் ஆண்டு 25ஆம் இலக்க தொலைத்தொடர்புச் சட்டத்துக்குக் கீழ ரேடியோ கருவி பாவிக்கிறதுக்கு விதி இரிக்கி, எந்த அலைவரிசையில எவ்வளவு பவர் விடலாம் எண்டத தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவில கேட்டுப் போட்டு மேற்கொண்டு செய்யுங்க.

கேள்வி: வாவிக்கரையில எனக்கு இறால் குளம் இரிக்கி. தண்ணியில ஒக்சிசன் அளக்கிற மீட்டர் ரேடியோவால ஒஃபிஸ் கொம்பியூட்டருக்கு அனுப்பும். காத்தடிக்கிற துடுப்பு மெசினப் போட்டா உடன டேட்டா நிண்டுருது, கொம் போர்ட்டே காணாமப் போகுது, பிறகு வேற நம்பர்ல வருது. ரேடியோ பழுதா?
– பண்ணைக்காரர் ஒருவர், மட்டக்களப்பு

பதில்: ஐயா, நீங்க எழுதின "கொம் போர்ட் காணாமப் போகுது" எண்ட வசனத்திலயே விடை இரிக்கி. கொம் போர்ட் எண்டா ரிசீவரோட கதைக்கக் கொம்பியூட்டர் வெச்சிருக்கிற கதவு. காத்தில சிக்னல் அறுந்தா போர்ட் அப்பிடியே நிக்கும், டேட்டா மட்டும்தான் வராது. போர்ட்டே மறையுது எண்டா கொம்பியூட்டருக்கும் அதில குத்தியிரிக்கிற ரிசீவருக்கும் நடுவிலதான் பிழை. மோட்டர் தொடங்குற நேரம் ஓடுற நேரத்த விட பல மடங்கு கரண்ட் இழுக்கும், அந்த லைன்ல வோல்டேஜ் விழும், ரிசீவர் ஒரு கணம் செத்து எழும்பும், வின்டோஸ் அத புதுச் சாமானாப் பதியும், உங்கட சொஃப்ட்வெயர் பழைய கதவையே தட்டிக்கொண்டு நிக்கும்.

உறுதிப்படுத்துறது லேசு. லெப்டொப் ஒண்டில ரிசீவரக் குத்தி, சார்ஜரக் கழட்டிப் போட்டு, மெசினப் போடச் சொல்லுங்க. அப்ப அறுகல்ல எண்டா கரண்ட்தான் காரணம், கொம்பியூட்டருக்கு நல்ல யூபிஎஸ் போட்டு, மோட்டர் லைன்ல இருந்து பிரிச்சு வேற லைன்ல குடுங்க. அப்பயும் அறுகுது எண்டா யூஎஸ்பி கேபிள் மோட்டர் வயரோட சேந்து ஓடுதா எண்டு பாருங்க, ஓடினா தூரமாக்கி, கேபிளக் குட்டையாக்கி, ஃபெரைட் குண்டு (கேபிள்ல ஏறுற இரைச்சலக் குறைக்கிற சாமான்) ஒண்டு மாட்டுங்க. டிவைஸ் மனேஜர்ல யூஎஸ்பி ஹப்புக்குள்ள போய் "கரண்ட் மிச்சம் பிடிக்க இத நிப்பாட்டலாம்" எண்ட அர்த்தத்தில இரிக்கிற டிக்க எடுத்து விடுங்க, கொம்பியூட்டர் நித்திரைக்குப் போறதையும் நிப்பாட்டுங்க. போர்ட் நம்பர் மாறுறதுக்கு, சிஎச்-340 சிப் போட்ட மலிவான கேபிள்ல தனக்கெண்டு ஒரு சீரியல் நம்பர் பொதுவா இல்ல, வேற ஓட்டையில குத்தினா வேற நம்பர் எடுக்கும், அதால ஒரே ஓட்டையில பெயின்ட் அடையாளம் வெச்சு அதிலயே குத்துங்க. சொஃப்ட்வெயர் எழுதித் தந்த ஆளிட்டச் சொல்லி, போர்ட் அறுந்தா தானாத் திரும்பத் திறக்கிற மாதிரி மாத்திக் கேளுங்க, இது இல்லாத சொஃப்ட்வெயர நான் முடிஞ்ச வேலை எண்டு எடுக்கமாட்டன்.

குளத்துப் பக்கத்தையும் விடாதீங்க. உப்புக் காத்தில அன்டெனா பூட்டுற செம்பு பச்சை புடிச்சிருக்கும், ஐசோபுரோப்பைல் அல்ககோலால துடைச்சு, தன்னில தான் ஒட்டுற ரப்பர் டேப் சுத்துங்க. ராவைக்குப் பாசியும் ஒக்சிசன் விடாது, எல்லாம் இழுக்கத்தான் செய்யும், அதால விடியிறதுக்குச் சற்று முன்னதான் தண்ணியில ஒக்சிசன் ஆகக் குறைவு, நீங்க மெசினப் போடுறதும் அந்த நேரம், டேட்டா அறுகிறதும் அந்த நேரம். கொம்பியூட்டர நம்பியிருக்காம குளத்தடி மீட்டரிலயே ஒரு சைரன் பூட்டுங்க.

கேள்வி: நான் ஏஎல் டெக் (உயர்தரத் தொழில்நுட்பப் பிரிவு) படிக்கன். புரொஜெக்ட்டுக்கு ரெண்டு எச்சி-12 ரேடியோ மொடியூல் வாங்கி, ஒண்டு சென்சரோட, மத்தது கொம்பியூட்டரோட. எல்லாம் சரியா பூட்டியிரிக்கன், ஒரு எழுத்தும் வரல்ல.
– மாணவி ஒருவர், அக்கரைப்பற்று

பதில்: தங்கச்சி, ரேடியோவக் கழட்டி வெச்சிட்டுத் தொடங்குங்க. யூஎஸ்பி சீரியல் கேபிள்ல டிஎக்ஸ் (அனுப்புற கால்), ஆர்எக்ஸ் (எடுக்கிற கால்) ரெண்டையும் ஒரு வயரால இணைச்சு டேர்மினல் புரோகிராம்ல டைப் பண்ணுங்க, அடிச்சது திரும்பி வரோணும். வரல்ல எண்டா ரேடியோவில குற்றமில்ல, டிரைவர், போர்ட், இல்லாட்டி இன்னொரு புரோகிராம் அந்தப் போர்ட்டப் புடிச்சு வெச்சிருக்கு, ஆடுயினோ சீரியல் மொனிட்டர் திறந்து கிடந்தாலும் மற்றதுக்குக் கிடைக்காது. அது சரி எண்டா மொடியூல்ல செட் எண்டு இரிக்கிற பின்னக் கிரவுண்டுக்குக் குடுத்து "ஏடி" எண்டு அனுப்புங்க, "ஓகே" வந்தா மொடியூல் நல்லம். வாங்கின நிலையில 9600 போட் (தகவல் போற வேகம்), சனல் 1, எஃப்யூ-3 மோட்ல இரிக்கும், ரெண்டும் ஒண்டா இரிக்கா எண்டு ஒவ்வொண்டாக் கேட்டுப் பாருங்க, போட் ரேட் வித்தியாசப்பட்டா காத்திலயும் ஒண்ட ஒண்டு விளங்காமப் போகலாம். டிஎக்ஸ் மத்தப் பக்கம் ஆர்எக்ஸுக்குத்தான் போகோணும், கிரவுண்ட் எல்லாத்துக்கும் ஒண்டாகோணும். பவர் காலுக்கும் கிரவுண்டுக்கும் நடுவில பெரிய கப்பாசிட்டர் ஒண்டு போடுங்க. மறுகா ரெண்டையும் மேசையில ஒட்டி வெச்சு டெஸ்ட் பண்ணாதீங்க, முழுப் பவர்ல அவ்வளவு கிட்ட இருந்தா ரிசீவர் திணறும், அறைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வையுங்க. ஒரு தரத்துக்கு ஒரு மாத்தம் மட்டும் செஞ்சு அத கொப்பியில எழுதுங்க, புரொஜெக்ட் அறிக்கைக்கும் அது உதவும்.

கேள்வி: சேர், சாய்ந்தமருதில கடையும் பின்னால ஸ்டோரும். ஸ்டோர்ல நாலு வைஃபை புகை சென்சர், கடையில கொம்பியூட்டர். புது ரவுட்டர் மாத்தின நாளையில இருந்து ரெண்டு வருது, ரெண்டு வரவே இல்ல.
– கடைக்காரர் ஒருவர், சாய்ந்தமருது

பதில்: காக்கா, முதல்ல அந்த நாலு சென்சருக்கும் தனக்குள்ளயே சத்தம் போடுற பஸர் இரிக்கா எண்டு பாருங்க. இல்லாட்டி இன்டைக்கே பெட்டரியில ஓடுற சாதாரண புகை அலாரம் ஒண்டு ஸ்டோர்ல தொங்க விடுங்க, நெருப்புப் புடிச்சா கரண்டும் ரவுட்டரும் முதல்ல போயிரும்.

இந்த மாதிரிச் சின்ன வைஃபை சென்சர்ல கனக்க 2.4 கிகாஹேர்ட்ஸ் மட்டும்தான் கேக்கும், புது ரவுட்டர் 2.4யும் 5யும் ஒரே பேர்ல விடுது எண்டா சிலது சேராமக் குழம்பும், ரெண்டுக்கும் வேற வேற பேர் வையுங்க. பாதுகாப்பு டபிள்யூபிஏ-3 மட்டும் எண்டு இருந்தா பழைய சென்சர் உள்ள வராது, டபிள்யூபிஏ-2வையும் விடுங்க. பிறகு ரவுட்டரின்ட செட்டிங் பக்கத்தத் திறந்து பாருங்க, காணாமப் போன ரெண்டும் அதில சேந்திருக்கிற சாமான் லிஸ்ட்ல இரிக்கா? இருந்தா வைஃபை நல்லம், ஐபி நம்பர்தான் (நெட்வேர்க்ல அதின்ட விலாசம்) மாறியிரிக்கி, கொம்பியூட்டர் பழைய நம்பர்ல தேடுது, ரவுட்டர்ல ஒவ்வொரு சென்சருக்கும் நிரந்தர நம்பர் ஒதுக்கி அத சொஃப்ட்வெயர்லயும் போடுங்க. லிஸ்ட்டில இல்ல எண்டா அந்த ரெண்டையும் கழட்டிக் கொண்டு வந்து ரவுட்டருக்குக் கிட்ட வெச்சுப் பாருங்க. கிட்ட வேலை செய்யுது எண்டா ஸ்டோர்ச் சுவரும் தகரமும் அடுக்கின மூடையும்தான் மறைக்குது, நடுவில இன்னொரு வைஃபை பெட்டி வேணும். எல்லாம் சரி, கொம்பியூட்டருக்கு மட்டும் வரல்ல எண்டா வின்டோஸ் புது ரவுட்டர "பொது நெட்வேர்க்" எண்டு எடுத்து ஃபயர்வோலால அடைச்சிருக்கும், அத "தனியார்" எண்டு மாத்தி விடுங்க.