பிளைவுட் இறக்குமதி கூடினால் மரப் பயன்பாடு கூடியது என்று அர்த்தமா?

கேள்வி: பிளைவுட், எம்டிஎஃப் (மரநாரை அழுத்திச் செய்வது) போன்ற மரப்பலகைகளை இரண்டு நாடுகள் ஆண்டுதோறும் எவ்வளவு இறக்குமதி செய்தன என்று ஒப்பிட்டால், எந்த நாடு அதிக மரம் செலவழிக்கிறது என்று தெரிந்துவிடுமா?

தெரியாது. நானும் அப்படி நம்பித்தான் ஒருமுறை ஜப்பானையும் அமெரிக்காவையும் ஒரே வரைபடத்தில் போட்டேன். ஐ.நா. உணவு வேளாண் அமைப்பின் தளத்தில் 1961 முதல் கணக்கு இருக்கிறது. எடுத்துக் கோடு போட ஐந்து நிமிடம் போதும். அந்தக் கோடு என்ன சொல்கிறது என்று புரியத்தான் ரொம்ப நாளானது.

முதலில் ஜப்பான். 1960களில் அதன் கோடு தரையோடு கிடக்கும். ஏதோ அந்த நாடு வெளியிலிருந்து மரமே வாங்காதது போல! உண்மையில் பிலிப்பைன்ஸிலிருந்தும் பிறகு இந்தோனேசியாவிலிருந்தும் கப்பல் கப்பலாக மரம் போய்க்கொண்டிருந்தது. ஆனால் போனது முழுத் தடியாக. அதை மெல்லிய தாள்களாக உரித்து, ஒட்டி, பிளைவுட் ஆக்கியவை ஜப்பானிய ஆலைகள். சுங்கக் கணக்கில் தடிக்குத் தனிப் பத்தி என்பதால் பலகைக் கோட்டில் அது தெரியாது. இன்னொரு வேடிக்கை: அந்த பிளைவுட்டில் ஒரு பகுதியை ஜப்பான் அமெரிக்காவுக்கு விற்றது. பிலிப்பைன்ஸ் காட்டில் வெட்டிய மரம் ஜப்பான் கோட்டைத் தொடாமலேயே அமெரிக்கக் கோட்டில் ஏறிவிடும்.

1985-ல் இந்தோனேசியா தடி ஏற்றுமதியை அடியோடு நிறுத்தியது. வேண்டுமென்றால் பலகையாக வாங்கிக்கொள்ளுங்கள் என்பதுதான் கணக்கு. அதே ஆண்டு செப்டம்பரில் பிளாசா ஒப்பந்தம், டாலர் மதிப்பை இறக்க அமெரிக்கா, ஜப்பான் உள்ளிட்ட ஐந்து நாடுகள் செய்துகொண்டது. யென் மதிப்பு ஏறி, வெளிநாட்டுச் சரக்கு ஜப்பானுக்கு மலிவானது. அதன்பின் ஜப்பான் கோடு விறுவிறுவென்று ஏறுகிறது. உரிக்கும் எந்திரம் கடல் தாண்டிப் போனதுதான் அதற்குப் பெரிய காரணம். 2000க்குப் பிறகு, போருக்குப்பின் நட்டு வளர்த்த தங்கள் சுகி என்ற ஊசியிலை மரத்திலேயே பிளைவுட் செய்ய ஆரம்பித்தார்கள். கோடு மறுபடி இறங்குகிறது.

அமெரிக்கக் கதை வேறு. பக்கத்திலேயே கனடா, அங்கிருந்து வரும் ஓஎஸ்பி (மரச் சீவல்களை ஒட்டி அழுத்திய) பலகை நேராகப் புது வீட்டுச் சுவருக்கும் கூரைக்கும் போகிறது. அமெரிக்காவில் 2005-ல் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளுக்கு வேலை தொடங்கியது. 2009-ல் சுமார் 5.5 லட்சம்தான். இறக்குமதியும் கூடவே சரிந்தது. இங்கே கோடு ஓரளவு தேவையின் நிழல் என்று சொல்லலாம். ஜப்பான் கோட்டை அப்படிப் படித்தால் ஏமாந்துபோவீர்கள்.

சரி, ஒப்பிட்டே ஆகவேண்டும் என்றால் டாலரில் வேண்டாம், கன மீட்டரில் எடுங்கள். அமெரிக்கக் கணக்கு சில இடங்களில் 3/8 அங்குல கனத்துக்கான சதுர அடியில் இருக்கும். அப்படி 1000 சதுர அடி என்றால் சுமார் 0.885 கன மீட்டர். உரித்த மெல்லிய மரத்தாளான வெனீரைச் சேர்த்திருக்கிறார்களா, தனியாக வைத்திருக்கிறார்களா என்றும் பாருங்கள். நான் இதைக் கவனிக்காமல் ஒருமுறை மொத்தத்தையும் திரும்பப் போட்டேன். பலகையில் செய்த மேசை, அலமாரி எல்லாம் அறைகலன் கணக்கில் போய்விடும், அதுவும் இதில் வராது.

அப்புறம், ஜப்பானுக்குத் தடி இறக்குமதியையும் ஒரு கோடாகப் பக்கத்தில் போட்டுவிடுங்கள். பலகைக் கோடு தரையோடு கிடந்த வருடங்களில் மரம் எங்கே போனது என்று அதில்தான் தெரியும்.