போர்க் கதைகளை ஏன் உடைக்க வேண்டும்? – கடிதம்

அன்புள்ள ஐயா,

போலந்துக் குதிரைப்படை வாளோடும் ஈட்டியோடும் ஜெர்மன் டாங்கிகள் மேல் பாய்ந்தது என்பது கட்டுக்கதை என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். பள்ளியில் வரலாற்று ஆசிரியர் சொல்லக் கேட்டு எனக்கு மயிர்க்கூச்செறிந்த கதை அது. பொய்யாகவே இருக்கட்டும். தோற்போம் என்று தெரிந்தும் எதிர்த்து நின்றவர்களின் கதைதானே? அதை உடைப்பதில் யாருக்கு என்ன லாபம்? நெப்போலியனைப் பனி தோற்கடித்தது, 300 ஸ்பார்ட்டர்கள் பாரசீகப் படையைத் தடுத்தார்கள் என்பதெல்லாமும் இதே ரகம்தான் என்றால், போர் வரலாற்றில் எதைத்தான் நம்புவது?

அன்புடன்,
ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

அந்தக் கதை போலந்து வீரர்களைப் பெருமைப்படுத்துவதாக நினைக்கிறீர்கள். அதைப் பரப்பியவர்களின் நோக்கம் நேர் எதிரானது. முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

1939 செப்டம்பர் 1, இரண்டாம் உலகப் போரின் முதல் நாள். கிராயான்டி என்ற ஊருக்கு அருகே, காட்டை ஒட்டிய வெட்டவெளியில் ஜெர்மன் காலாட்படை ஒன்று இளைப்பாறிக்கொண்டிருந்தது. போலந்தின் 18-ஆவது குதிரைப்படைப் பிரிவு வாளை உருவிக்கொண்டு அதன்மேல் பாய்ந்தது. ஜெர்மானியர்கள் சிதறி ஓடினார்கள். அதற்குள் காட்டுக்குள்ளிருந்து கவச வண்டிகள் வந்து இயந்திரத் துப்பாக்கியால் சுட ஆரம்பித்தன. படைப்பிரிவின் தளபதி மாஸ்டலெர்ஸ் உட்படப் பலர் அங்கேயே விழுந்தார்கள். ஆனால் அந்தத் தாக்குதல் ஜெர்மானியரின் முன்னேற்றத்தைத் தாமதப்படுத்தியது. பின்வாங்கிக்கொண்டிருந்த போலந்துக் காலாட்படைக்கு அவகாசம் கிடைத்தது. கொடுத்த வேலையை அவர்கள் முடித்துவிட்டார்கள்.

மறுநாள் ஜெர்மானியர்கள் இத்தாலியப் பத்திரிகையாளர்களை அந்த இடத்துக்கு அழைத்து வந்தார்கள். செத்த குதிரைகளும் மனிதர்களும் கிடந்தார்கள். அதற்குள் டாங்கிகளும் வந்து சேர்ந்திருந்தன. குதிரைப்படை டாங்கிகளோடு மோதியது என்று செய்தி போயிற்று. ஜெர்மன் பிரசாரத்துக்கு அல்வா மாதிரிக் கிடைத்தது அது. போலந்துக்காரன் விவரம் கெட்டவன், டாங்கி எதனால் ஆனது என்றுகூடத் தெரியாதவன் என்பதுதான் அந்தக் கதையின் உட்பொருள். ஜெர்மன் டாங்கிப் படைத் தளபதி குடேரியன் போருக்குப் பிறகு எழுதிய நினைவுக் குறிப்புகளிலும் இதையே திரும்பச் சொன்னார்.

உண்மையில் போலந்துக் குதிரைப்படையினர் பெரும்பாலும் குதிரையில் போய்ச் சேர்ந்து, இறங்கி நின்று சண்டையிட்டவர்கள். 37 மி.மீ. டாங்கி எதிர்ப்புப் பீரங்கிகள் அவர்களிடம் இருந்தன. அதே செப்டம்பர் 1 அன்று மோக்ரா கிராமத்தில் வோலின் குதிரைப்படைப் பிரிகேட், ஜெர்மனியின் 4-ஆவது டாங்கி டிவிஷனை நாள் முழுக்கத் தடுத்து நிறுத்தி, பல டாங்கிகளை அழித்தது. உங்களுக்கு வீரம் வேண்டுமென்றால் மோக்ராவில் இருக்கிறது, அறிவோடு சேர்ந்த வீரம். கட்டுக்கதை அதைத்தான் மறைத்துவிட்டது. இன்னொன்றையும் மறைத்தது. 1941-இல் சோவியத் ரஷ்யாவுக்குள் புகுந்தபோது ஜெர்மன் ராணுவம் கூட்டிப்போன குதிரைகள் 6 லட்சத்துக்கும் மேல். முழுக்க இயந்திரமயமான படை என்ற பிம்பமும் அதே பிரசாரத்தின் மறுபக்கம்.

இப்படி ஒவ்வொரு போர்க் கதைக்குப் பின்னாலும் அது யாருக்குத் தேவைப்பட்டது என்று நான் பார்க்கிறேன். நெப்போலியன் விஷயத்தில் விடை பளிச்சென்று தெரிகிறது.

1812 ஜூன் 24 அன்று அவர் படை ரஷ்யாவுக்குள் நுழைய, எல்லையில் ஓடும் நீமன் ஆற்றைக் கடக்கத் தொடங்கியது. கடும் கோடை. ரை என்ற தானியத்தின் பச்சைப் பயிரைத் தின்ற குதிரைகள் வயிறு உப்பிச் செத்தன. தீவன வண்டிகள் பின்தங்கின. பேன்கள் பரப்பும் டைஃபஸ் காய்ச்சலும் வயிற்றுக்கடுப்பும் பரவின, ஓடிப்போனவர்களும் ஏராளம். மினார் என்ற பிரெஞ்சுப் பொறியாளர் 1869-இல் இந்தப் படையெடுப்பை ஒரே வரைபடமாக வரைந்தார். படையின் எண்ணிக்கைக்கு ஏற்பத் தடித்தும் மெலிந்தும் போகும் ஒரு பட்டை. ஆற்றங்கரையில் 4,22,000 பேர், மாஸ்கோவில் 1,00,000 பேர், திரும்பி வந்தது 10,000 பேர். வழியில் காவலுக்கு நிறுத்தப்பட்டவர்களையும் பக்கவாட்டில் அனுப்பப்பட்டவர்களையும் கழித்துப் பார்த்தாலும், போகும்போதே பட்டை பயங்கரமாக மெலிந்துவிடுகிறது. அப்போது ஒரு துளி பனிகூட விழவில்லை. அந்தப் படத்தில் நான் நெடுநேரம் பார்த்த இடம் வேறொன்று. வெப்பநிலைக் கோடு திரும்பும் பாதைக்கு மட்டும்தான் உண்டு. கோடையின் சாவுகளுக்குக் கீழே எந்தக் கோடும் இல்லை. குளிரைப் பார், குளிரைப் பார் என்று படமே நம் கண்ணை இழுக்கிறது.

பனிக் கதையின் ஊற்று நெப்போலியனேதான். 1812 டிசம்பர் 3 தேதியிட்ட 29-ஆவது ராணுவ அறிக்கையில், நவம்பர் 6 வரை எல்லாம் நன்றாக நடந்ததாகவும், 7-ஆம் தேதி தொடங்கிய குளிர்தான் எல்லாவற்றையும் கெடுத்ததாகவும் எழுதினார். உண்மையில், மாஸ்கோவிலிருந்து திரும்பும் வழியில் மலோயாரொஸ்லாவெத்ஸ் என்ற ஊரில் ரஷ்யர்கள் வழிமறித்ததால், வரும்போது தானே சூறையாடிக் காலியாக்கிய அதே சாலையில் திரும்ப வேண்டியதாயிற்று. குளிர் வந்தபோது படை ஏற்கெனவே பட்டினியில் இருந்தது. தோற்ற தளபதிக்கு வானிலையைவிட வசதியான எதிரி கிடையாது.

ஸ்பார்ட்டர்கள் பாரசீகரை எதிர்த்து நின்ற தெர்மோபிலைக் கணவாயின் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 300 ஸ்பார்ட்டர்கள் கடைசிவரை நின்று செத்தது உண்மை. ஆனால் கணவாயைக் காக்க முதலில் நின்ற கிரேக்கர்கள் சுமார் 7,000 பேர். கடைசி நாளில் தெஸ்பியா நகரத்தவர் 700 பேர் தாங்களாகவே விரும்பி நின்று மடிந்தார்கள் என்று பண்டைய கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸே எழுதுகிறார். சின்ன ஊர். அவர்களுடைய ஊரைப் பாரசீகர்கள் எரித்தார்கள், அவர்கள் பெயரை நாம் மறந்தோம். எனக்கு இதில் உண்மையாகவே வருத்தம் உண்டு. அதே ஹெரோடோட்டஸ் பாரசீகத் தரப்பில் ஊழியர்களையும் சேர்த்து 52,83,220 பேர் என்கிறார். அவ்வளவு பேருக்குக் குடிக்கத் தண்ணீர் தரும் ஆறு அந்த வழியில் கிடையாது.

உடைப்பதில் என்ன லாபம் என்று கேட்டீர்கள். உடைக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஜெர்மனியைப் பாருங்கள். முதல் உலகப் போரின் கடைசிக் கட்டத்தில், 1918 செப்டம்பர் 29 அன்று, உடனே போர்நிறுத்தம் கேட்டாக வேண்டும் என்று அரசரிடம் சொன்னது ராணுவத் தலைமைதான். சொன்னவர் தளபதி லூடன்டார்ஃப். ஆனால் நவம்பர் 11 அன்று கையெழுத்திடப் போன குழுவின் தலைவர் எர்ஸ்பெர்கர் என்ற அரசியல்வாதி. மறுவருடமே, போரில் ராணுவத்தின் தலைமைத் தளபதியாக இருந்த ஹிண்டன்பர்க் நாடாளுமன்ற விசாரணைக் குழு முன்னால், ராணுவம் முதுகில் குத்தப்பட்டது என்று சாட்சி சொன்னார். படை தோற்கவில்லை, உள்ளூர்த் துரோகிகள் தோற்கடித்தார்கள் என்பது கதை. சோஷலிஸ்டுகள், யூதர்கள். அந்தப் போரில் ஜெர்மனிக்காகச் செத்த யூத வீரர்கள் சுமார் 12,000 பேர். 1921 ஆகஸ்டில் எர்ஸ்பெர்கரைச் சுட்டுக் கொன்றார்கள். அந்தப் பொய்யை முதலீடாக வைத்து நாஜிகள் என்ன செய்தார்கள் என்று உங்களுக்குத் தெரியும்.

எதை நம்புவது என்ற கேள்வி மிச்சம். படைப்பட்டியல்கள், தீவனக் கணக்குகள், மருத்துவர்களின் குறிப்புகள், இரு தரப்பின் கடிதங்கள், அகழாய்வு. 2001-இல் லிதுவேனியாவின் தலைநகர் வில்னியஸில் கட்டட வேலைக்காகத் தோண்டியபோது நெப்போலியன் படையினர் 3,000-க்கும் மேற்பட்டோரின் எலும்புகள் ஒரே குழியில் கிடைத்தன. பின்வாங்கி வந்து அங்கே செத்தவர்கள். மண்ணில் இருந்த பேன்களின் எச்சத்திலும் பற்களிலும் தொற்றுநோய்க் கிருமிகளின் டிஎன்ஏ இருந்தது. பட்டினி, குளிர், நோய் மூன்றும் சேர்ந்து கொன்றிருக்கின்றன. 1812-ஐப் பற்றி நான் நம்புவது அந்தப் பற்களை, 29-ஆவது அறிக்கையை அல்ல.