அப்பாவுக்குக் குரல் கேட்கிறது, சொல் புரியவில்லை

கேள்வி: என் அப்பாவுக்கு 58 வயது. கோத்தகிரி பக்கத்தில் ஒரு டீ ஃபேக்டரியில் 27 வருடமாக சி.டி.சி. மெஷின் (தேயிலையை நசுக்கி, கிழித்து, சுருட்டும் இயந்திரம்) அருகே வேலை. ஜீப் ஏற்றத்தில் வரும் சத்தம் எங்களுக்கு முன்பே அவருக்குக் கேட்டுவிடுகிறது. மாமா பேசினால் புரிகிறது. என் ஆறு வயது மகள் பேசினால் மட்டும் "என்ன, என்ன?" என்கிறார். உரக்கச் சொன்னால், "ஏன் கத்துறே?" என்று கோபப்படுகிறார். வேண்டுமென்றே செய்கிறாரா? ஆடியோகிராம் (செவித்திறன் சோதனை) தாளை இணைத்திருக்கிறேன். கடையில் 1,500 ரூபாய்க்குக் கிடைக்கும் காது மெஷின் வாங்கலாமா?

பதில்: அவர் நடிக்கவில்லை. இந்தச் சந்தேகத்தை முதலில் வீட்டில் எல்லோரும் கைவிட வேண்டும். ஜீப் கேட்பதும் பேத்தி பேச்சு புரியாததும் ஒரே குறையின் இரண்டு பக்கங்கள்.

ஒலிக்கு இரண்டு அளவுகள் உண்டு. காற்று ஒரு நொடிக்கு எத்தனை தடவை அதிர்கிறது என்பது அதிர்வெண். அதை ஹெர்ட்ஸில் சொல்கிறோம். அதிர்வெண் ஏறினால் சுருதி ஏறும். ஒவ்வொரு அதிர்விலும் காற்றின் அழுத்தம் எவ்வளவு ஏறி இறங்குகிறது என்பது வீச்சு. வீச்சு கூடினால் சத்தம் கூடும். இதை டெசிபலில் சொல்கிறோம். ரேடியோவில் வால்யூமைத் திருப்பினால் வீச்சுதான் மாறும், பாடகரின் சுருதி மாறாது. டெசிபல் கணக்கு சாதாரணக் கூட்டல் போன்றதல்ல. 6 டெசிபல் ஏறினால் வீச்சு இரு மடங்கு. 10 டெசிபல் ஏறினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்கு, ஆனால் நம் காதுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு சத்தமாகத்தான் தோன்றும். இயந்திரச் சத்தம் ஆபத்தான அளவுக்கு ஏறியதை ஆட்கள் உணராமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இப்போது அந்தத் தாளைப் பாருங்கள். இடமிருந்து வலமாக சுருதி ஏறுகிறது: 250, 500, 1000 என்று 8000 ஹெர்ட்ஸ் வரை. மேலிருந்து கீழாக, அந்தச் சுருதி காதில் விழ எத்தனை டெசிபல் தேவைப்பட்டது என்ற அளவு. அப்பாவுக்கு 250, 500 இரண்டிலும் 20 டெசிபல்; குறை என்று சொல்ல எதுவுமில்லை. ஜீப்பின் உறுமல் பெரும்பாலும் இந்தத் தாழ்ந்த சுருதியில்தான் வருகிறது. 2000-ல் 40. 4000-ல் 65 வரை இறங்கி, 8000-ல் மறுபடி 50-க்கு ஏறுகிறது. 4000-ஐ ஒட்டி இப்படிப் பள்ளம் விழுந்து, பிறகு கோடு மேலே ஏறுவது நீண்ட நாள் இரைச்சலால் வரும் குறையின் அடையாளம். வயதால் வரும் குறையில் பெரும்பாலும் 8000 வரை கோடு இறங்கிக்கொண்டே போகும்.

அந்த இடத்திலேயே ஏன் பள்ளம்? உள்காதின் நத்தைச் சுருளில் சுருதிக்கொரு இடம் உண்டு: வாசல் பக்கம் உயர்ந்த சுருதி, உட்கோடியில் தாழ்ந்த சுருதி. காதுத் துளையின் வடிவமே 3000 ஹெர்ட்ஸை ஒட்டிய ஒலியைப் பெருக்கி உள்ளே அனுப்புகிறது. அதனால் இரைச்சலின் அடி முதலில் 3000 முதல் 6000 வரையுள்ள சுருதிகளைப் பிடிக்கும் மயிர்ச் செல்கள் மேல் விழுகிறது. அந்தச் செல்கள் அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை. பூண்டு காய்ச்சிய எண்ணெயோ சொட்டு மருந்தோ அங்கே போய்ச் சேராது. தயவுசெய்து எதையும் ஊற்றாதீர்கள்.

தமிழில் சொற்களைப் பெரும்பாலும் பிரித்துக் காட்டுவது மெய்யெழுத்துகள். கால், பால், சால் மூன்றிலும் "ஆ" ஓசை தாழ்ந்த சுருதியில் பலமாக வருகிறது. அது அப்பாவுக்கு நன்றாகவே கேட்கும். முன்னால் வரும் க், ப், ச் மிகவும் மெலிதானவை. ச, ஸ, ஷ போன்றவற்றின் ஆற்றல் பெரும்பகுதி 2000-க்கு மேலே இருக்கிறது. ஒரு மீட்டர் தூரத்துப் பேச்சு மொத்தத்தில் 60 டெசிபல் இருந்தாலும், இந்த மெல்லிய ஓசைகள் அதைவிட மிகவும் தாழ்வு. ஆக, அவருக்குப் பேச்சு வருவது தெரிகிறது, சொல் தெரிவதில்லை. ஆணின் குரல் நாண் நொடிக்கு 100–130 தடவை அதிர்கிறது; பெண்களுக்கு 200-ஐ ஒட்டி; குழந்தைகளுக்கு இன்னும் மேலே, அதோடு குரலும் மெலிது. பேத்தியின் பேச்சில் சொல்லைப் பிரித்துக் காட்டும் மெல்லிய ஓசைகளில் பல அந்தப் பள்ளத்தில் விழுகின்றன. சாயங்காலம் உயர்ந்த சுருதியில் வரும் சில்வண்டுச் சத்தம் கேட்கிறதா என்று அவரிடமே கேட்டுப் பாருங்கள்.

கத்தினால் கோபம் வருவதற்கும் காரணம் இருக்கிறது. கத்தும்போது உயிரெழுத்துகள்தான் பெருகுகின்றன, மெய்யெழுத்துகள் அவ்வளவு ஏறுவதில்லை. சேதமடைந்த காதில் மெல்லிய ஒலி கேட்காது. ஆனால் பெரிய ஒலி நமக்கு உறுத்தும் அதே அளவில் அவருக்கும் உறுத்தும். கேட்கத் தொடங்கும் அளவுக்கும் உறுத்தும் அளவுக்கும் இடையில் நமக்கு 100 டெசிபல் இடம் இருந்தால், 4000-ல் அவருக்கு 30, 35தான் மிச்சம். அதனால் பேர் சொல்லி அழைத்து, முகம் பார்க்க வைத்து, வெளிச்சத்தில் நின்று, ஒரு மீட்டருக்குள் நிதானமாகப் பேசுங்கள். புரியவில்லையென்றால் அதையே திரும்பச் சொல்லாமல் வேறு சொல்லில் சொல்லுங்கள். தகரக் கூரையில் மழை கொட்டும்போது முக்கியமான விஷயத்தைப் பேசவே வேண்டாம்.

1,500 ரூபாய் மெஷினை வாங்காதீர்கள். பெரும்பாலும் அது எல்லாச் சுருதியையும் ஒன்றாகத் தூக்கும். ஜீப் இரைச்சல் காதைக் கிழிக்கும், ச்-உம் ப்-உம் அப்போதும் தெளியாது. இருக்கும் செவித்திறனுக்கும் ஆபத்து. இவருக்கு வேண்டியது, ஆடியோகிராம்படி ஒவ்வொரு சுருதிப் பட்டைக்கும் தனித்தனியாக அளவு வைத்து, உச்ச ஒலிக்கு வரம்பிட்ட டிஜிட்டல் கருவி. இரண்டு காதுக்கும் வேண்டும். தாழ்ந்த சுருதி நன்றாக இருப்பதால், காதை முழுக்க அடைக்காத மெல்லிய முனை கேளுங்கள். இல்லாவிட்டால் தன் குரலே பானைக்குள் பேசுவதுபோல இருக்கிறது என்று கழற்றி வைத்துவிடுவார். முதல் வாரம் வீட்டுக்குள் இரண்டு மூன்று மணி நேரம் போதும். பழக ஒரு மாதத்துக்கு மேல் ஆகலாம். நம் மலைப் பனியில் கருவிக்கு ஈரம்தான் எதிரி. இரவில் பேட்டரிக் கதவைத் திறந்து, சிலிக்கா ஜெல் போட்ட மூடிய டப்பாவில் வையுங்கள்.

வாங்குமுன் உதகை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவில் மறுபடி பரிசோதியுங்கள். முதலில் காதில் குறும்பி (காது அழுக்கு) அடைத்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். ஷிஃப்ட் முடிந்த கையோடு போகக் கூடாது. 16 மணி நேரமாவது இரைச்சல் இல்லாமல் இருந்திருக்க வேண்டும், இல்லையென்றால் காதின் தற்காலிகக் களைப்பும் அளவில் சேரும். சளி இருக்கும்போதோ, மேட்டுப்பாளையத்திலிருந்து மலையேறி காது அடைத்திருக்கும்போதோ வேண்டாம். 3000, 6000 ஹெர்ட்ஸையும் சோதிக்கச் சொல்லுங்கள்.

ஓய்வு பெறும்வரை மிச்சச் செவியைக் காப்பதுதான் இதில் பெரிய வேலை. கை நீட்டும் தூரத்தில் நிற்பவரிடம் கத்திப் பேச வேண்டியிருந்தால், அங்கே 85 டெசிபலைத் தாண்டியிருக்கும் என்று எடுத்துக்கொள்ளலாம். 85-ல் எட்டு மணி நேரம் என்றால், 3 டெசிபல் ஏறும்போதெல்லாம் நேரம் பாதியாகும்: 88-ல் நான்கு, 91-ல் இரண்டு. பஞ்சு வைத்தால் பயன் மிகவும் குறைவு. இரைச்சலைத் தடுக்கக் காதில் வைக்கும் நுரைச் செருகியைச் சுத்தமான விரல்களால் மெல்லிய திரியாக உருட்டி, மறு கையால் காது மடலை மேலும் பின்னுமாக இழுத்து உள்ளே செருகி, விரிந்து அடையும்வரை அரை நிமிடம் விரலால் பிடிக்க வேண்டும். பாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அது உள்ளே போகவில்லை. ஷிஃப்ட் நடுவில் பத்து நிமிடம் கழற்றினாலும் பாதுகாப்பு வெகுவாகக் குறையும்.

ஒரு காது மட்டும் ஓரிரு நாளில் திடீரென மந்தமானால், சளி என்று விட்டுவிடாமல் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்; அதற்கான ஸ்டீராய்டு சிகிச்சை நாள் தள்ளத் தள்ளப் பலன் குறையும்.