டாக்ஸ் வக்கீலுக்கு 25 சதவீதம் குடுக்கலாமா?

கேள்வி: சென்னையில நாலு பேர் பார்ட்னரா லா ஃபர்ம் நடத்துறோம், கம்பெனி, சொத்து வேலைதான் அதிகம், டாக்ஸ் கேஸ் வந்தா வெளியில அனுப்பிடுவோம். 20 வருஷ அனுபவமுள்ள டாக்ஸ் வக்கீல் ஒருத்தர் வர்றேன்றார், எடுத்த எடுப்புலயே லாபத்துல 25 சதவீதம் கேக்கறார், கிளையண்ட் எல்லாம் தன்கூட வந்துடுவாங்களாம். சேத்துக்கலாமா?

பதில்: அஞ்சு பேருக்கு சமமா பிரிச்சாலே ஆளுக்கு 20 தான் சார், அவர் உங்களவிட ஜாஸ்தி கேக்கறார், கவனிச்சீங்களா!

எங்க ஆபீஸ்லயும் இப்படி ஒருத்தர் வந்தார், டெம்போல ரெண்டு பீரோ நெறைய கேஸ் கட்டு வந்து எறங்குச்சு, ஆறு மாசம் கழிச்சு பாத்தா பாதி கம்பெனி பழைய எடத்துலயே இருந்துடுச்சு, ஏன்னா டாக்ஸ்ல கிளையண்ட் பெரும்பாலும் ஆடிட்டர் கையில, அவர் யாரைக் கைகாட்டுறாரோ அவருக்குத்தான் வக்காலத்து. அதனால இவருக்கு நேரா வேலை அனுப்புற ஆடிட்டர் எத்தனை பேர்னு கேளுங்க, பதில் சொல்ற வேகத்துலயே பாதி தெரிஞ்சிடும்.

வரி டிபார்ட்மெண்டுக்கு ஸ்டாண்டிங் கவுன்சிலா, அதாவது அவங்க தரப்புல வழக்கமா ஆஜராகுற வக்கீலா இருந்தாரான்னும் கேளுங்க, ஒரு கேஸ்ல டிபார்ட்மெண்ட் பக்கம் ஆஜரானவர் அதே கேஸ்ல எதிர்பக்கம் நிக்க பார் கவுன்சில் விதியில எடமில்ல.

அப்புறம் கேஸோட கெடு தேதி எழுதற டைரி. ஜிஎஸ்டில முதல் அப்பீலுக்கு 3 மாசம், அதுக்கு மேல 1 மாசம் லேட்டைத்தான் அப்பீல் அதிகாரி மன்னிக்க முடியும், வருமான வரி ட்ரிப்யூனல் ஆர்டர் மேல ஹைகோர்ட் போக 120 நாள். உங்களது சாதா பார்ட்னர்ஷிப்னா 1932 சட்டம் 25ஆவது பிரிவுப்படி ஃபர்ம் பேர்ல ஒருத்தர் செய்யறதுக்கு எல்லா பார்ட்னரும் பொறுப்பு, அவர் தேதியை கோட்டை விட்டா உங்க நாலு பேர் கழுத்துக்கும்தான் வரும், அதனால டைரி ஆபீஸ்ல இருக்கட்டும், அவர் போன்ல இல்ல.

பங்கை இப்பவே எழுதாதீங்க. ரெண்டு வருஷம் மாசத்துக்கு இவ்ளோன்னு வெச்சு, அவர் மூலமா வந்து சேந்த ஃபீஸ்ல ஒரு பங்கு குடுங்க. பில்லு போட்டதுக்கு இல்ல, கைக்கு வந்ததுக்கு. டாக்ஸ் கேஸ் வருஷக்கணக்கா இழுக்கும், சில கம்பெனி ஆர்டர் வந்தப்புறம்தான் செக்கே எழுதுவாங்க. நம்பிக்கை இருக்கறவர் இதுக்கு ஒத்துப்பார்.

ஆங், இவ்ளோ நாள் உங்க டாக்ஸ் கேஸைப் பாத்த வெளி வக்கீல் இருக்காரே, அவர்கிட்ட நீங்களே நேர்ல போய் சொல்லிடுங்க, ஹைகோர்ட் கேன்டீன்ல காபி குடிக்கறப்ப யாரோ சொல்லி அவருக்குத் தெரிய வேணாம்.