வாசகர் கேள்வி: காய்ந்த இரத்தத்தில் கிருமி தெரியுமா?

கேள்வி: நாங்கள் சுங்கை சிப்புட் அருகே ஒரு செம்பனைத் தோட்டத்தில் வசிக்கிறோம். 1986-இல் அறுவை சிகிச்சையின்போது என் கணவருக்கு இரத்தம் ஏற்றினார்கள். அண்மையில் ஹெபடைடிஸ் (கல்லீரல் அழற்சி) சோதனைக்குப் போன இடத்தில் மூன்று முறை குத்தியும் நரம்பு அகப்படவில்லை. அன்றிலிருந்து அவர் போகவே மறுக்கிறார். விரலில் எடுத்த இரத்தத்தைத் தாளில் காயவைத்தும் சோதிக்கலாம் என்று என் சித்தி மகள் சொல்கிறாள். இது உண்மையா?
– ஒரு வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: உண்மைதான், அம்மா. பிறந்த குழந்தையின் குதிகாலில் எடுத்த இரத்தத்தைத் தாளில் உலர்த்திப் பிறவிக் கோளாறுகளைக் கண்டறியும் முறையை அமெரிக்க மருத்துவர் ராபர்ட் கத்ரி 1960களிலேயே வழக்கத்துக்குக் கொண்டுவந்தார். நரம்பில் இரத்தம் எடுக்க இயலாத இடங்களில் ஹெபடைடிஸ் பி, சி இரண்டுக்கும் இம்முறையைக் கையாளலாம் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2017-இல் பரிந்துரைத்தது.

விரல் நுனியைக் குத்தி, முதல் துளியைத் துடைத்துவிட்டு, அடுத்த துளிகளைத் தாளில் அச்சிட்ட வட்டங்களுக்குள் விழவிடுவார்கள். ஒரு வட்டத்துக்கு ஏறத்தாழ 50 மைக்ரோலிட்டர் போதும், ஆனால் இரத்தம் தாளின் மறுபக்கம்வரை ஊறியிருக்க வேண்டும். அப்பளம் காயவைப்பதுபோல் வெயிலில் வைத்தால் மாதிரி கெட்டுவிடும். நிழலில், எதன்மீதும் படாமல், மூன்று நான்கு மணி நேரமாவது, சிவப்பு மறைந்து கரும்பழுப்பாகும்வரை உலரவிட வேண்டும். பிற்பகல் மழை பிடித்துக்கொண்டால் நம் ஊர்க் காற்றில் ஈரம் ஏறிவிடும் என்பதால், உலர்ந்த தாளை ஈரமுறிஞ்சும் பொட்டலத்தோடு உறையிலிட்டு மூடுவதில்தான் இம்முறையின் நம்பகம் பெரிதும் அடங்கியிருக்கிறது என்பேன். ஆய்வுக்கூடத்தில் அந்தக் கறையிலிருந்து ஒரு சிறு வில்லையைத் துளைத்தெடுத்து, கரைசலில் ஊறவைத்துச் சோதிப்பார்கள். ஆகவே வீட்டிலிருக்கும் ஏதோ ஒரு தாளில் நாமே செய்துகொள்ளும் வேலை அல்ல இது.

இரத்தம் மிகச் சிறிதளவே இருப்பதால், கிருமி குறைவாக உள்ளவரிடம் அது தென்படாமல் போகக்கூடும். அதனால் நரம்பில் எடுக்க முடிந்தால் அதுவே மேல். ஹெபடைடிஸ் சி-யைப் பொறுத்தவரை இன்னொன்றையும் அறிந்துகொள்ளுங்கள். முதற்சோதனை காட்டுவது, கிருமியை எதிர்க்க உடல் உண்டாக்கும் எதிர்ப்புப்பொருளை மட்டுமே. நோய் நீங்கியவர் உடலிலும் அது தங்கியிருக்கும் என்பதால், கிருமியின் மரபுப்பொருளான ஆர்.என்.ஏ.வைத் தேடும் இரண்டாம் சோதனைதான் முடிவைச் சொல்லும்.

உங்கள் கணவர் தள்ளிப்போடவே கூடாது. ஹெபடைடிஸ் சி கிருமி கண்டறியப்பட்டதே 1989-இல்தான்; அவருக்கு ஏற்றிய இரத்தத்தில் அக்கிருமியை எவரும் சோதித்திருக்க முடியாது. விரல் துளியில் சில நிமிடங்களில் முடிவு காட்டும் விரைவுச் சோதனை இருக்கிறதா என்று அரசாங்க கிளினிக்கில் முதலில் கேளுங்கள். நரம்பில்தான் எடுக்க வேண்டுமென்றால், போகும் முன் நன்றாகத் தண்ணீர் குடிக்கச் சொல்லுங்கள், கையை வெதுவெதுப்பாக வைத்திருக்கட்டும், அனுபவமுள்ள தாதியை அனுப்பும்படி தயங்காமல் கேளுங்கள். ஹெபடைடிஸ் சி இருப்பது உறுதியானாலும், பெரும்பாலும் 12 வார மாத்திரையில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்கு மேல் குணமடைகிறார்கள். 1986-இல் இரத்தம் ஏற்றியதைப் பதிவு செய்யும்போதே சொல்லிவிடுங்கள்.